பத்து வருஷமாகக் குறை சொன்ன நம் கட்சிக்காரர்களே அக்காவுக்கு ஏன் ஓட்டுப் போடவில்லை?

எருத்தேம்பதி ரோட்டுக்காரன் கேட்டது:

புலம்பலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேரளப் பஞ்சாயத்துத் தேர்தலில் 2025 டிசம்பர் 13-ல் ஓட்டு எண்ணி முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. பஞ்சாயத்துப் பெயர் வேண்டாம். கேரளாதான், ஆனால் ஆத்திர அவசரத்துக்குப் பொள்ளாச்சி பஸ்ஸைத்தான் பிடிப்போம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், கல்யாணப் பத்திரிகை தமிழில் அடிப்போம். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீடு ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று சொன்னால் இந்தத் திரி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் அதுவும் வேண்டாம்.

எங்கள் வார்டு 2015-ல் பெண்கள் வார்டு. கட்சிக்காரர் ஒருவர் தன் மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். 2020-ல் பொது வார்டானது, அவரே நின்றார். இந்தத் தடவை மறுபடி பெண்கள் வார்டு. மறுபடி அந்த அம்மா. நடுவில் வார்டு மறுவரையறை எல்லாம் வந்தது, எங்கள் கோட்டில் நாலு வீடு போய் ஆறு வீடு சேர்ந்தது, அவ்வளவுதான்.

பத்து வருஷமும் ஜனங்கள் அந்தக் கட்சிக்காரரைத் திட்டாத நாளில்லை. தண்ணி லாரி மேட்டு வீதிக்கு வருவதில்லை, தெருவிளக்குக்குப் பத்துத் தடவை நடக்க வேண்டும், கிராமசபையில் வாயைத் திறந்தால் 'நீ உட்காரு' என்பார். திட்டியவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை, நம் ஆட்கள். சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் திட்டுவார்கள்.

அக்கா பதினோரு வருஷம் குடும்பஸ்ரீயில் (கேரளாவின் பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பு) ஓடியவள், நூறு நாள் வேலைக்கு மேட், அதாவது வேலையை மேற்பார்க்கிறவள். வார்டில் அயல்கூட்டம் என்கிற குடும்பஸ்ரீ குழு ஒன்பது, 150 பெண்களுக்கு மேல் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யாருக்கு எந்த பேங்கில் என்ன லோன் என்று அவளுக்கு மனப்பாடம். வார்டுக் கூட்டத்துக்கு வந்த 22 பேரில் 17 பேர் அக்கா பெயரைச் சொன்னார்கள். மேலே போய் வந்த லிஸ்ட்டில் பழைய பெயரே இருந்தது. சரி என்று சுயேச்சையாக மனு கொடுத்தோம், 2,000 ரூபாய் கட்டினோம். நவம்பர் 24 வாபஸ் கடைசி நாள். அன்றைக்குக் காலையில் பெரியவர்கள் மூன்று பேர் வந்து காப்பி குடித்தார்கள், பேசினார்கள், போனார்கள். அக்கா வாபஸ் வாங்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் சின்னம் கிடைத்தது: மெழுகுவர்த்தி.

டிசம்பர் 11 ஓட்டுப்பதிவு. கையில் 17 நாள். வீடு வீடாக மூன்று சுற்று. நான் நோட்டில் எழுதி வைத்தேன்: 'நிச்சயம்' என்று டிக் போட்டது 240 ஓட்டு. சந்தேகம் என்று தோன்றியவர்களுக்கு டிக்கே போடவில்லை.

பதிவானது 921. கட்சி வேட்பாளர் 418. எதிரணி 361. பா.ஜ.க. 48. அக்கா 94. ஆறில் ஒரு பங்கு வராததால் டெபாசிட்டும் போச்சு.

அந்த 94-லேயே குறைந்தது முப்பது எதிரணி வீட்டு ஓட்டு என்று எனக்குத் தெரியும், அவர்களே வந்து சொன்னார்கள். அப்படியானால் சொந்தக் கட்சி ஓட்டு அறுபதோ என்னவோதான். 240 எங்கே போச்சு? பொய் சொன்னார்களா? அப்படி நினைக்கவும் மனம் வரவில்லை, முக்கால்வாசிப் பேர் சொந்தம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கள்ளுக்கடை பெஞ்ச்:

இதுல என்னங்க ஆராய்ச்சி? காசு. கடைசி ராத்திரி கவர் போயிருக்கும்.

எருத்தேம்பதி ரோட்டுக்காரன்:

இல்லைங்க. வேறு ஊரில் எப்படியோ, எங்கள் வார்டில் கவர் ஓடவில்லை. கடைசி ராத்திரி நான் தூங்கவே இல்லை, மேட்டு வீதி முக்கில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஓடியிருந்தால் மனசாவது ஆறியிருக்கும்.

பழைய பூத் ஏஜெண்ட்:

தம்பி, 1995-லிருந்து 2020 வரை ஆறு பஞ்சாயத்துத் தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவன் நான். இந்தத் தடவை முட்டி ஒத்துழைக்கவில்லை. உங்கள் ஊர் எது என்று ஊகித்துவிட்டேன், சொல்லமாட்டேன்.

அந்த 240 பேரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வாக்குக் கொடுத்தது உங்கள் அக்காவுக்கு, கொடுத்த இடம் உங்கள் வாசல். ஓட்டுப் போட்டது வேறு இடத்தில். அந்த இடம் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

முதலில் வெளியே. பூத்திலிருந்து 200 மீட்டர் தள்ளித்தான் மேஜை போட விடுவார்கள். கட்சி மேஜையில் நாலு பேர், ஓட்டர் லிஸ்ட், ஸ்லிப் கட்டு. எதிரணி மேஜை அதற்கு எதிரில். உங்கள் மேஜை எங்கே இருந்தது? இரண்டு பையன்களும் ஒரு பிளாஸ்க்கும் இருந்திருக்கும் (தப்பாக நினைக்க வேண்டாம், ரிபல் மேஜை எல்லாம் அப்படித்தான்). இப்போது உங்கள் பெரியம்மா நடந்து வருகிறார். முப்பது வருஷமாக ஸ்லிப் வாங்கிய மேஜையில் உட்கார்ந்திருப்பவன் தன் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை. 'வாங்க அத்தை' என்கிறான். அவனைத் தாண்டி உங்கள் மேஜைக்கு வந்து ஸ்லிப் வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஸ்லிப் யாரிடம் வாங்கினால் என்ன, ஓட்டு ரகசியம்தானே என்று நீங்களும் நானும் பேசலாம். ஸ்லிப்பைக் கையில் வாங்கிய பெரியம்மாவுக்குப் பாதி ஓட்டு அங்கேயே போட்டாகிவிட்டது.

அப்புறம் உள்ளே. சட்டசபை ஓட்டு மாதிரி ஒரு பெட்டி இல்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்று பெட்டி வரிசையாக இருக்கும். கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளைத்தாள், பிளாக்குக்கு ரோஸ், ஜில்லாவுக்கு நீலம். நம் பக்கம் மலையாளத்தோடு தமிழிலும் பெயர் போட்டிருப்பார்கள், ஆனால் பாதிப் பேர் பெயரைப் படிப்பதே இல்லை, படத்தைத்தான் தேடுவார்கள். கட்சி மூன்று வாரமாக வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: 'மூணுலயும் நம்ம சின்னம், மூணு அமுக்கு, கடைசில நீளமா சத்தம் கேக்கும், அப்புறம் வெளிய வாங்க.' உங்கள் பாடம் என்ன? 'வெள்ளையில் மெழுகுவர்த்தி, ரோஸிலும் நீலத்திலும் எப்பவும் போல.' எழுபது வயசுக் கைக்கு இது இரண்டு வேலை. 17 நாளில் பழகிய படமும் ஐம்பது வருஷமாகப் பழகிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விரல் எங்கே போகும்?

இதைச் சொன்னதும் கிழடுகள்தானே தப்பு செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இளசுகளுக்கு வேறு கணக்கு. வார்டு மெம்பர்தான் கிராமசபைக்குக் கன்வீனர். லைஃப் என்கிற அரசு வீட்டுத் திட்டத்து லிஸ்ட், ஆடு, கோழி, கிணறு, என்ன திட்டம் வந்தாலும் பயனாளி லிஸ்ட் அங்கேதான் ஓடும். பென்ஷன் 2025 நவம்பரில் 2,000 ஆனது, பல வீட்டுக்குக் கூட்டுறவுச் சொசைட்டி ஆள் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். சட்டப்படி மெம்பரால் அதை நிறுத்த முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் 'உங்க கடுதாசி எங்கியோ கெடக்குது, பாக்கலாம்' என்று ஒரு மாசம் இழுக்க முடியுமா, முடியாதா? அவரைத் திட்டுகிற அதே ஆளுக்கு நாளைக்கு அவர் வேண்டும். உங்கள் அக்கா தோற்றால் வீட்டுக்குப் போவாள். அவளுக்கு ஓட்டுப் போட்டவன் பஞ்சாயத்துக்குப் போகவேண்டும்.

உட்கார்ந்திருப்பவன் கெட்டவனாகவே இருந்தாலும் அவன் கெடுதல் எவ்வளவு என்று ஜனங்களுக்கு அளந்து வைத்துத் தெரியும். புதிதாக வருபவரை யாரும் அளக்கவில்லை.

மேட்டு வீதி மருமகள்:

பூத் ஏஜெண்ட் மாமா சொன்னது எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். கேள்வி கேட்டவர் கடைசி வாரம் நடந்ததைச் சொல்லவே இல்லை. எங்கள் ஊரிலும் இப்படி ஒரு அக்கா நின்றார், அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் வீடு வீடாகப் போய், 'தண்ணி லாரி வரலை, இவங்களுக்கு எத்தனை தடவை சொல்றது' என்று பேசினார். நாங்கள் எல்லாம் தலையாட்டினோம், உண்மைதானே. ஓட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது எதிரணி ஜீப் வந்தது. மைக்கில், 'தண்ணி லாரி வரலைன்னு நாங்க சொல்லலை, அவங்க கட்சிக்காரம்மாவே சொல்றாங்க' என்று அவர் வார்த்தையை அப்படியே போட்டார்கள். மூன்று நாள் அதே பாட்டு. அன்றைக்கே எங்கள் மாமனார், அந்த மெம்பரை எனக்குத் தெரிந்து ஏழு வருஷமாகத் திட்டுபவர், 'வூட்டு விசயத்த வீதில வெச்சுட்டாளே' என்று சொல்லிவிட்டார். முடிந்தது. மாமியாரை நான் நாள் பூராவும் குறை சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரி அதையே சொன்னால் விளக்குமாறு எடுப்பேன். அந்த மாதிரிதான்.

எருத்தேம்பதி ரோட்டுக்காரன்:

ஜீப் எங்கள் ஊருக்கும் வந்தது. இதை எழுதாமல் விட்டது எனக்கே வெட்கமாக இருந்ததால்தான். அக்கா பேசியதை யாரோ போனில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். குரலையே போட்டார்கள். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சித்தூர் வாத்தியார்:

கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். சித்தூர் என்றால் நம் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை.

மேட்டு வீதி மருமகள் சொன்னதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1980 அமெரிக்கத் தேர்தல். ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதி, விலைவாசி ஏறிக் கட்சிக்குள்ளேயே கடுப்பு. எட்வர்ட் கென்னடி அதே கட்சி, அண்ணன்கள் பெயரே போதும், எதிர்த்து நிற்கப்போகிறார் என்றதும் கருத்துக்கணிப்புகளில் முன்னால் இருந்தார். 1979 நவம்பர் 4 அன்று ஒரு டிவி பேட்டி ஒளிபரப்பானது. 'நீங்கள் ஏன் ஜனாதிபதி ஆக விரும்புகிறீர்கள்' என்று கேட்டதற்கு அவரால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, தடுமாறினார். அதே நாளில்தான் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். வெளியிலிருந்து அடி விழுந்ததும் கட்சிக்காரர்கள் கார்ட்டர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கென்னடி கட்சி மாநாடு வரைக்கும் விடாமல் நின்று தோற்றார். கார்ட்டரும் அந்த வருஷக் கடைசியில் ரீகனிடம் தோற்றார், அது வேறு கதை. அந்த ரீகனே 1976-ல் தன் கட்சியின் ஃபோர்டை எதிர்த்து நின்று கட்சி மாநாட்டு ஓட்டில் 1,187-க்கு 1,070 என்று கோட்டைவிட்டவர்.

உங்கள் வார்டில் எதிரணி ஜீப்தான் டெஹ்ரான். அதுவரைக்கும் கேள்வி 'மெம்பர் நல்லவரா' என்பது. ஜீப் வந்ததும் கேள்வி 'நாமா, அவங்களா' என்று மாறிவிட்டது. அந்தக் கேள்வியில் அக்காவுக்கு இடமே இல்லை.

இன்னொன்று. 22 பேரில் 17 பேர் கை தூக்கினார்கள் என்று ஆச்சரியப்படுகிறீர்கள். 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்தது. வெளியே கேட்டால் சசி தரூரை எல்லோருக்கும் தெரியும், இளைஞர்கள் அவருக்காகப் பேசினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் கட்சிப் பிரதிநிதிகள், ரகசிய ஓட்டுத்தான். கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதது 416. முதலில் வாக்குச்சீட்டில் '1' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். சீட்டில் கார்கே பெயர் முதலாவதாக இருந்ததால் தரூர் தரப்பு ஆட்சேபம் சொல்லி, டிக் போட மாற்றினார்கள். படித்தவர்கள் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற இடத்திலேயே '1' என்ற எழுத்துக்கு இத்தனை பயம் இருந்தது. உங்கள் பெரியம்மாவின் விரலைக் குறை சொல்லாதீர்கள்.

பொள்ளாச்சி நண்பன்:

வாத்தியாரே, எல்லாம் தோற்ற கதையாகவே சொல்கிறீர்கள். 2017-ல் ஆர்.கே. நகரில் தினகரன் குக்கர் சின்னத்தில் நின்று 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாரே? இரட்டை இலை எதிரில்தானே இருந்தது?

சித்தூர் வாத்தியார்:

ஜெயித்தார். ஆனால் அங்கே நாற்காலி காலி. ஜெயலலிதா இறந்து ஏற்பட்ட இடைத்தேர்தல், உட்கார்ந்திருந்தவர் என்று யாரும் இல்லை. யார் அந்த அம்மாவின் ஆள் என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, 2019-ல், 22 தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. தி.மு.க. 13, அ.தி.மு.க. 9, தினகரன் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. பதவி போன அவருடைய எம்.எல்.ஏ.க்களே நின்ற இடங்களிலும் இல்லை.

ஜெயித்த ரிபல்களைத் தேடினால் பெரும்பாலும் பின்னால் வேறொரு கை இருக்கும். வடகரையில் கே.கே. ரமா. மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்து கட்சி கண்ட கணவர் டி.பி. சந்திரசேகரன் 2012 மே மாதம் கொல்லப்பட்டார். கேரளமே அதிர்ந்த விஷயம். அதற்குப் பிறகும் 2016-ல் ரமா தனியாக நின்றபோது 20 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுடன் மூன்றாவது இடம். 2021-ல் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அதே தொகுதியில் ஆதரவு கொடுத்தது, 7,491 வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை.

எதிரணி கை கொடுத்தால் எல்லோரும் ஜெயிப்பார்கள் என்றும் இல்லை. பாலக்காடு டவுனில் 2024 நவம்பர் இடைத்தேர்தலில் பார்த்தோம். காங்கிரஸிலிருந்து வெளியே வந்த டாக்டர் சரின் இடதுசாரி ஆதரவில் ஸ்டெதஸ்கோப் சின்னத்தில் நின்றார். மூன்றாவது இடம். பழைய வீட்டு ஓட்டு அவர் பின்னால் வரவில்லை.

நகரி எல்லைக்காரன்:

நான் ஆந்திரா எல்லை, வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. கட்சியைக் குடும்பம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நிஜக் குடும்பத்திலேயே நடந்த கதை எங்கள் பக்கம் இருக்கிறது. 2024-ல் கடப்பா எம்.பி. தொகுதியில் ஷர்மிளா நின்றார், ராஜசேகர ரெட்டியின் சொந்த மகள். எதிரில் அண்ணன் ஜெகனின் கட்சி, நிறுத்தியது சித்தப்பா வழி உறவான அவினாஷ் ரெட்டியை. அப்பா பெயருக்கு ஓட்டுப் போடும் ஜனங்கள் மகளுக்குப் போடமாட்டார்களா என்று எங்கள் கடையிலேயே பந்தயம் கட்டினார்கள். அந்த வருஷம் ஜெகன் கட்சி மாநிலம் பூராவும் தரைமட்டமானது, ஆனால் கடப்பா எம்.பி. சீட்டு அவர்களுக்கே போனது. ஷர்மிளாவுக்குக் கிடைத்தது 1 லட்சத்து 41 ஆயிரம் சொச்சம், மூன்றாவது இடம். பந்தயத்தில் நான் ஒரு பிரியாணி தோற்றேன்.

மூணாறு லயத்துப் பெண்:

நான் தேயிலைத் தோட்டத்துக்காரி. நீங்கள் பேசுவதைப் பார்த்து 2015 ஞாபகம் வந்துவிட்டது.

போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள் என்று செப்டம்பரில் பொம்பளைகள் எல்லாம் ரோட்டில் உட்கார்ந்தோம். கூலி அப்போது 232 ரூபாய். கம்பெனி மேல் இருந்த கோபத்தைவிட யூனியன் தலைவர்கள் மேல் இருந்த கோபம் பெரிது. எந்தக் கொடியும் வேண்டாம், எந்தத் தலைவரும் பக்கத்தில் வரவேண்டாம் என்று விரட்டினோம். பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது. போனஸ் கணக்கு 20 சதவீதத்துக்கு வந்து நின்றது. அந்த ஒன்பது நாள் எங்கள் மேஸ்திரிகூட எங்களை 'வாங்க போங்க' என்றான்.

இரண்டு மாசத்தில் பஞ்சாயத்துத் தேர்தல், எங்கள் பக்கத்துப் பெண்கள் சில இடத்தில் ஜெயித்தார்கள். சூடு ஆறவில்லை. ஆனால் அடுத்த வருஷம் தேவிகுளம் சட்டசபைக்கு நின்றபோது டெபாசிட் போனது. ரோட்டில் என்னோடு உட்கார்ந்திருந்தவளிடமே கேட்டேன், நீ யாருக்குப் போட்டாய் என்று. 'எப்பவும் போடுறதுக்குத்தான்' என்றாள். ஏன் என்றால், மகனுக்கு டெம்பரரி வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள், யூனியன் ஆபீஸ் வழியாக. லயத்து வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றாலும், பி.எஃப். பணம் எடுக்க வேண்டும் என்றாலும், பேசுவதற்கு ஆபீஸில் ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு ஆபீஸ் இல்லை, ஒரு மேஜை நாற்காலிகூட இல்லை. போராட்டம் நடந்த இடத்துக்கு வந்தவள் எல்லாம் தன் கட்சியை விட்டுவிட்டு வந்தாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அவள் யூனியன்காரன் மேல் கோபித்துக்கொண்டு வந்தாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுத்தானே போவாள்?

உங்கள் அக்காவிடம் ஒன்று கேளுங்கள். வீடு வீடாகப் போனபோது 'நானும் நம்ம கட்சிதான், ஜெயிச்சாலும் அங்கதான் வருவேன்' என்று சொன்னாரா?

எருத்தேம்பதி ரோட்டுக்காரன்:

சொன்னாள், மூன்றாவது சுற்றில். அதுவும் வினையானது. 'அப்ப இப்பவே எதுக்கு வெளிய போன' என்று கேட்டார்கள்.

பழைய பூத் ஏஜெண்ட்:

அதோடு சட்டமும் இடிக்கும். சுயேச்சையாக ஜெயித்துவிட்டு அப்புறம் கட்சியில் சேர்ந்தால் கட்சித்தாவல் சட்டத்தில் பதவி போய்விடும், கேரளாவில் 1999-லேயே வந்தது. எதிர் மேஜைக்காரன் இதை ஒரு நோட்டீஸாக அடித்துக் கொடுத்திருப்பானே?

எருத்தேம்பதி ரோட்டுக்காரன்:

அடித்தார்கள். தமிழில், எழுத்துப்பிழையோடு.

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கோடி வீட்டு அம்முச்சி வந்தது. எங்கள் நோட்டில் டிக் போட்ட முதல் பெயர். வந்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, 'அம்மிணி, நான் உனக்குத்தான் போடோணும்னு போனேன். மூணு இருந்துச்சு. மொதல்ல நம்ம சின்னம் கண்ணுல பட்டுது, அமுக்கிட்டேன். அடுத்ததுலயும் அதே, அதுக்கடுத்ததுலயும் அதே. நீளமா சத்தம் வந்துச்சு. வெளிய வந்தப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. உன்னுது எங்க கண்ணு இருந்துச்சு?' என்றது. அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அக்கா 'நாலாவதா இருந்துச்சு அம்முச்சி, உடு' என்று சொல்லிக் காப்பி வைத்துக் கொடுத்தாள். அம்முச்சி சொன்னது நிஜமா, சமாளிப்பா என்று நான் கேட்டேன். 'எனக்கு எதுக்கு அது?' என்றாள். திங்கட்கிழமை வாய்க்கால் வேலைக்கு மஸ்டர் ரோல் வந்திருக்கிறதாம், அம்முச்சி பேரும் அதில் இருக்கிறதாம்.

பிரசாரத்தில் காட்டுவதற்கு மெழுகுவர்த்தி டப்பா டப்பாவாக வாங்கியிருந்தோம், இரண்டு மீதி. ராத்திரி எட்டு மணிக்குக் கரண்டு போனது. பத்து நிமிஷத்தில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் மெம்பர் வீட்டுப் பையன். 'அத்தை, எங்கூட்ல ஒண்ணுமில்ல, ரெண்டு மெழுகுவத்தி இருந்தா அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க.' அக்கா ஒரு முழு டப்பாவையே கொடுத்து அனுப்பினாள்.